குளிர்கால ஜுரமும் குடும்ப சுகாதாரமும்

(கனகம்மாசத்திரம் பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவின் சாரம்)



குளிர்காலத்தில் ஒரு குடும்பம் ஜுரத்துக்கு ஆளாகாமல் தன்னைக் காத்துக்கொள்வது எப்படி என்பதைப் பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். நான் வைத்தியனல்ல. வைத்தியம் படித்தவர்கள் பரீட்சை செய்து கண்டு, எல்லோரும் அறியும்படி எழுதி வைத்திருப்பவற்றில், நம்முடைய வீட்டுக்கும் நம்முடைய வரும்படிக்கும் ஒத்துவரக் கூடியவற்றை எடுத்துச் சொல்ல வந்திருப்பவன். ஆகையால் நான் சொல்லுவதைக் கேட்டுவிட்டு அப்படியே நம்பிவிட வேண்டாம். வீட்டுக்குப் போய் யோசித்துப் பாருங்கள். டாக்டரையும் கேளுங்கள். சரியென்று பட்டதைச் செய்யுங்கள். பட்டதைச் செய்யாமல் மாத்திரம் இருந்துவிடாதீர்கள்.

"ஒரு ஜலதோஷத்துக்காகவா இவ்வளவு பெரிய கூட்டம்?" என்று உங்களில் சிலர் நினைக்கலாம். மூக்கில் நீர் வடிகிற ஜலதோஷம் வேறு; இன்புளூயன்சா என்கிற ஜுரம் வேறு. ஜலதோஷம் தும்மலில் ஆரம்பித்து மெல்ல வந்து மெல்லப் போகும். இன்புளூயன்சாவோ காலையில் நன்றாய் இருந்தவனை மாலையில் பாயில் தள்ளிவிடும். ஜுரம், தலைவலி, உடம்பெல்லாம் அடித்துப் போட்டதுபோன்ற வலி, வறட்டு இருமல், எழுந்திருக்க முடியாத சோர்வு. அநேகருக்கு ஒரு வாரத்தில் தானாகவே தீர்ந்துவிடும். ஆனால் கிழவர்களுக்கும், கைக்குழந்தைகளுக்கும், கர்ப்பிணிகளுக்கும், நீரிழிவு, ஆஸ்துமா, இருதய வியாதி உள்ளவர்களுக்கும் அது நுரையீரலில் இறங்கி உயிரையே கொண்டுபோய்விடும். எது விளையாட்டு, எது வினை என்று தெரிந்துகொள்ளத்தான் இந்தக் கூட்டம்.

பெயரிலேயே இருக்கும் மூடநம்பிக்கை

முதலில் பெயரைப் பாருங்கள். இன்புளூயன்சா என்பது இத்தாலிய பாஷைச் சொல். அதற்கு என்ன அர்த்தமென்றால் "ஆதிக்கம்" என்று அர்த்தம். யாருடைய ஆதிக்கம்? ஆகாயத்திலுள்ள நட்சத்திரங்களின், கிரகங்களின் ஆதிக்கம்! அந்தக் காலத்து ஐரோப்பியன் ஊரெல்லாம் ஒரே நாளில் ஜுரத்தில் படுத்ததைக் கண்டு, காரணம் தெரியாமல், நட்சத்திரத்தின் மேல் பழியைப் போட்டான். நம்மவன் மாத்திரம் என்ன செய்தான்? கிரக தோஷம் என்றான், ஜலத்தின் தோஷம் என்றான், காற்று கருப்பு என்றான், கண்ணேறு என்றான். இந்தப் பக்கத்தில் தமிழன் ஜலதோஷம் என்கிறான். பக்கத்து வீட்டுத் தெலுங்கன் ஜலுபு என்கிறான். பாஷை இரண்டானாலும் மூக்கு ஒன்றாகவே ஒழுகுகிறது!

அறியாமை எந்தத் தேசத்துக்கும் சொந்தமல்ல, தோழர்களே! வித்தியாசம் எங்கே இருக்கிறதென்றால், அவன் பெயரை மாத்திரம் வைத்துக்கொண்டு நட்சத்திரத்தை விட்டுவிட்டான். நாமோ இன்னும் ஜுரம் வந்தால் பஞ்சாங்கத்தைப் புரட்டுகிறோம். தாயத்துக்குக் கூலி கொடுக்கிறோம்.

அவன் எப்படி விட்டான்? 1892-ல் ஜெர்மனியில் பைபர் என்கிற பெரிய விஞ்ஞானி, ஒரு பாக்டீரியாவைக் காட்டி இதுதான் இன்புளூயன்சாவுக்குக் காரணம் என்று சொன்னார். பெரியவர் சொன்னார் என்று உலகமே ஒப்புக்கொண்டது. ஆனால் 1918-ல் ஜுரம் வந்தபோது, அநேக நோயாளிகளிடம் அந்தக் கிருமியே காணப்படவில்லை. உடனே சந்தேகப்பட்டார்கள், மறுபடியும் தேடினார்கள். 1933-ல் லண்டனில் ஸ்மித், ஆண்ட்ரூஸ், லெயிட்லா என்கிற மூவர், நோயாளியின் தொண்டை நீரை எடுத்து, பாக்டீரியா புகமுடியாத வடிகட்டியில் வடித்து, கீரியைப் போன்ற பெரெட் என்னும் பிராணியின் மூக்கில் விட்டுப் பார்த்தார்கள். பிராணிக்கு ஜுரம் வந்தது. பாக்டீரியாவைவிட மிகச் சிறிய வைரஸ் என்பதே காரணம் என்று ருசுவாயிற்று. பெரியவர் சொன்னது தப்பு என்று தெரிந்தவுடன், நாற்பது வருஷமாக நம்பியதைத் தூக்கி எறிந்தார்கள். யாரும் தெய்வக் குற்றம் ஆகிவிடும் என்று பயப்படவில்லை. பகுத்தறிவு என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டுமா?

1918-ல் செத்தவர்கள் யார்?

இப்போது நம்முடைய தேசத்துக் கதைக்கு வருவோம். 1918-ம் வருஷம் ஜூன் மாதம் 10-ந் தேதி, பம்பாய் நகரத்தில் ஏழு போலீஸ் சிப்பாய்கள் ஜுரத்துடன் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். அவர்களில் துறைமுகத்தில் காவல் இருந்தவரும் உண்டு. உலக யுத்தத்திலிருந்து திரும்பிய கப்பல்கள் வந்து நின்ற துறைமுகம் அது. அங்கிருந்து ரயில் பாதைகளை ஒட்டி ஊர் ஊராகப் பரவியது. பம்பாயிலிருந்து சென்னைக்குப் போகும் ரயில் பாதை ரேணிகுண்டா, திருத்தணி, அரக்கோணம் வழியாகத்தான் போகிறது என்பது உங்களுக்குத் தெரியும். அந்த வருஷம் மழையும் பொய்த்தது, தானியமும் விலையேறியது. செப்டம்பருக்குப் பின் இரண்டாம் தடவையாக வந்த அலைதான் கொடுமையானது. இந்தியாவில் மாத்திரம் குறைந்தது 1 கோடியே 20 லட்சம் பேர் மாண்டார்கள் என்றும், 1 கோடியே 80 லட்சம் வரை இருக்கலாம் என்றும் கணக்கிட்டிருக்கிறார்கள். இன்றைய இந்தியாவின் எல்லைக்குள் 1911-ல் சுமார் 25 கோடியே 21 லட்சமாய் இருந்த ஜனத்தொகை, 1921-ல் சுமார் 25 கோடியே 13 லட்சமாய்க் குறைந்தது. ஜனத்தொகைக் கணக்கில் பத்து வருஷத்தில் ஜனங்கள் பெருகாமல் குறைந்துபோனது அந்த ஒரு தடவைதான்.

சரி, வியாதிக்கு ஜாதி உண்டா? கிருமிக்குப் பூணூலும் தெரியாது, சேரியும் தெரியாது என்று நாம் சொல்லுகிறோம். அது வாஸ்தவம். ஆனால் சாவுக்கு ஜாதி இருந்தது! பம்பாய் நகர சுகாதார அதிகாரியின் 1918-ம் வருஷக் கணக்கைக் கேளுங்கள். ஆயிரம் ஐரோப்பியரில் செத்தவர் சுமார் 8 பேர். ஆயிரம் பார்சிகளில் 9 பேர். மேல்ஜாதி இந்துக்களில் சுமார் 19 பேர். தாழ்த்தப்பட்ட ஜாதியார் என்று அவர்கள் பிரித்து எழுதிய மக்களில் 61 பேருக்கு மேல்!

ஒரே நகரம், ஒரே கிருமி, ஒரே மாதம். ஒருவனில் 8, இன்னொருவனில் 61. இதற்கு என்ன காரணம்? தலையெழுத்தா? பூர்வ ஜன்ம பாவமா? தலையெழுத்து என்று சொல்லுகிறவன், இவர்கள் எப்படி இருந்தார்கள் என்று பார்க்க மறுக்கிறவன். காற்றில்லாத ஒரே அறையில் பத்துப் பேர், வயிற்றில் கஞ்சியில்லை, படுத்தால் தண்ணீர் கொடுக்க ஆளில்லை, டாக்டர் அந்தத் தெருவுக்கு வருவதில்லை. இவைதான் காரணம். கிருமி வாசற்படி வரையில்தான் சமத்துவம் பார்த்தது. உள்ளே போனபின் வீடும் சோறும் கவனிப்பும்தான் யார் பிழைப்பது, யார் சாவது என்று தீர்மானித்தன. ஆகவே சுகாதாரம் என்பது சோப்பு விஷயம் மாத்திரமல்ல. அது சமூக நீதி விஷயமும் ஆகும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த ஜுரத்தில் நம்முடைய நாட்டில் ஆண்களைவிடப் பெண்கள் அதிகமாய்ச் செத்தார்கள். வீட்டில் எல்லோரும் படுத்தபோது எல்லோருக்கும் கஞ்சி காய்ச்சி ஊற்றியவள் அவள். கடைசியில் தான் படுத்தபோது அவளுக்குக் கஞ்சி காய்ச்ச ஆளில்லை. இதைப் பற்றிப் பின்னால் சொல்லுகிறேன்.

1957-ல் சென்னை வழியாக

அதற்குப் பின் 1957-ம் வருஷம் மே மாதத்தில், சிங்கப்பூரிலிருந்து சென்னைத் துறைமுகத்துக்கு வந்த கப்பலில் புதுவிதமான இன்புளூயன்சா வந்து இறங்கியது. சில வாரங்களில் தேசம் முழுவதும் பரவியது. அடுத்த பிப்ரவரிக்குள் 44 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் அதனால் படுத்ததாகக் கணக்கெடுத்தார்கள். இறந்தவர்களாகக் கணக்கில் வந்தது சுமார் ஆயிரத்து நூறு பேர். இந்தத் தடவை வைரஸ் இன்னதென்று தெரிந்திருந்தது. நுரையீரலில் சளி கட்டினால் கொடுக்கப் பென்சிலின் போன்ற மருந்து இருந்தது. வைரஸின் கொடுமையும் 1918-ஐவிடக் குறைவுதான். மறுபடியும் 2009-ல் பன்றிக்காய்ச்சல் என்று பேர் வைத்துக்கொண்டு வந்தது. அது 1918-ல் வந்த அதே வைரஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. கிண்டியிலுள்ள கிங் இன்ஸ்டிடியூட்டில் தொண்டை நீரைப் பரீட்சித்து இன்னாருக்கு இன்ன ஜுரம் என்று சொன்னார்கள். இப்போது அது வருஷாவருஷம் வருகிற சாதாரண ஜுரங்களில் ஒன்றாய்க் கலந்துவிட்டது.

ஒரு தடவை கப்பலில் வந்தது. ஒரு தடவை ஆகாய விமானத்தில் வந்தது. ஒரு தடவையாவது ஏழரைச் சனியில் ஏறி வந்ததாக யாராவது கண்டார்களா?

வைசூரி வந்தால் அம்மாள் வந்திருக்கிறாள், மருந்து கொடுத்தால் கோபித்துக்கொள்வாள் என்று எத்தனை தலைமுறை சொன்னோம்! 1796-ல் ஜென்னர் கண்ட அம்மைப்பாலை ஊர் ஊராகப் போட்டார்கள். 1975-ம் வருஷத்துக்குப் பின் இந்தியாவில் வைசூரி இல்லை. 1980-ல் உலகத்திலேயே இல்லை என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்லிவிட்டது. கோபித்துக்கொள்ள வேண்டியவள் எங்கே போனாள்? 2020-ல் கொரோனா வந்தபோது, ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலைமேல் பக்தர்களை விடவில்லையே! கோயிலை நடத்துகிறவர்களே கதவைச் சாத்தினார்கள். நான் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. புத்திசாலித்தனமான காரியம் என்றுதான் சொல்லுகிறேன். ஜனங்கள் நெருங்கினால் கிருமி பரவும் என்பது பக்தர்களுக்கும் அதிகாரிகளுக்கும் அர்ச்சகர்களுக்கும் தெரிந்துதான் இருக்கிறது. தெரிந்ததை வருஷா வருஷமும் வீட்டிலும் அனுஷ்டிக்க வேண்டும் என்பதே நான் கேட்பது.

குளிரா, கிருமியா?

"பனியில் நடந்தேன், ஜுரம் வந்தது, மழையில் நனைந்தேன், ஜுரம் வந்தது" என்று எல்லோரும் சொல்லுகிறோம். குளிரே ஜுரத்தை உண்டாக்குமா? வடதுருவத்துக்கு அருகில் ஸ்பிட்ஸ்பெர்கன் என்று ஒரு தீவு இருக்கிறது. குளிர்காலத்தில் கடலே உறைந்து கப்பல் போக்குவரத்து நின்றுவிடும். 1930-31-ல் அங்கே இருந்து பார்த்தவர்கள், உறைபனிக் காலம் பூராவும் ஊரில் சளிப் பிடிப்பதே அரிதாயிருந்ததையும், வசந்த காலத்தில் முதல் கப்பல் வந்த சில நாட்களில் ஊரே தும்ம ஆரம்பித்ததையும் எழுதி வைத்தார்கள். குளிர் இருந்தது, கிருமி இல்லை, நோயில்லை. குளிர் குறைந்தது, கிருமி வந்தது, நோய் வந்தது. இதைவிடப் பிரத்தியட்சம் என்ன வேண்டும்?

அப்படியானால் மழையிலும் குளிரிலும் ஏன் அதிகமாய் வருகிறது? சென்னை, வேலூர் பக்கங்களில் வடகிழக்குப் பருவமழை மாதங்களில், அதாவது ஐப்பசி, கார்த்திகையை ஒட்டி, இன்புளூயன்சா ஏறுகிறதென்று கண்டிருக்கிறார்கள். மழைக்கும் பனிக்கும் பயந்து நாம் கதவு ஜன்னலையெல்லாம் சாத்திக்கொண்டு, ஒரே அறையில் எல்லோரும் நெருங்கிப் படுக்கிறோம். ஒருவர் இருமினால் அந்தக் காற்றையே மற்றவர்கள் இரவு முழுதும் சுவாசிக்கிறோம். வெயில் குறைந்த காலத்தில் கிருமியும் அதிக நேரம் உயிரோடிருக்கிறது. பஸ்ஸிலும் பள்ளிக்கூடத்திலும் ஜன்னல் சாத்தப்படுகிறது. அதே காலத்தில் விழாக்களும் நெருங்கி வருகின்றன. டிசம்பர் 31-ந் தேதி இரவு திருத்தணிப் படிகளில் எத்தனை ஆயிரம் பேர் தோளோடு தோள் இடித்துக்கொண்டு ஏறுகிறார்கள் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. உங்கள் ஊரோ சென்னைக்கும் திருப்பதிக்கும் போகிற பெரிய ரஸ்தாவின் மேல் இருக்கிறது. பேரிலேயே சத்திரம் இருக்கிற ஊர். வழிப்போக்கன் டீ குடித்துவிட்டுப் போவான். தும்மலை விட்டுவிட்டுப் போவான்.

ஆகையால் விடியற்காலையில் பச்சைத் தண்ணீரில் குளித்தால்தான் புண்ணியம் என்பதும் வேண்டாம். குளித்ததால்தான் ஜுரம் என்பதும் வேண்டாம். கிழவர்களையும் குழந்தைகளையும் குளிரில் நடுங்க விடாதீர்கள். வெந்நீரில் குளிக்கட்டும், கம்பளி போர்த்திக்கொள்ளட்டும். ஆனால் காவல் வைக்கவேண்டியது கிருமிக்கு.

வீட்டில் செய்ய வேண்டியவை

இன்புளூயன்சாக் கிருமி நோயாளியின் இருமல், தும்மல், பேச்சு இவற்றில் கிளம்பும் எச்சில் துளிகளின் மூலமும், அவை பட்ட கையை மூக்கிலும் கண்ணிலும் வைப்பதன் மூலமும் வருகிறது. ஒட்டிய ஒன்று முதல் நான்கு நாளில் ஜுரம் காணும். ஜுரம் காண்பதற்கு ஒரு நாள் முன்னிருந்தே மற்றவர்களுக்குப் பரவ ஆரம்பிக்கும். காணும் நாளிலிருந்து ஐந்து, ஏழு நாள் வரையில் பரவும். குழந்தைகளிடமிருந்து இன்னும் அதிக நாள். இதைத் தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

இருமல் வந்தால் உள்ளங்கையில் இருமாதீர்கள். முழங்கை மடிப்பிலோ, துண்டிலோ இருமுங்கள். கண்ட இடத்தில் காறித் துப்புவதை விட்டொழியுங்கள். தெருவில் நின்று வாய்கொப்புளித்துத் துப்புகிறவன்தான் அடுத்தவனைத் தொட்டால் தீட்டு என்கிறான்!

கையைச் சோப்புப் போட்டு இருபது விநாடியாவது தேய்த்துக் கழுவுங்கள். இந்தக் கிருமிக்கு மேலுறை கொழுப்பாலானது. சோப்பு அதைக் கரைத்துக் கிருமியைச் சாகடிக்கும். வெறும் தண்ணீர் தெளித்தால் போதாது. மடி, ஆசாரம் என்று நாலுதரம் தலை முழுகுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் தீர்த்தம் என்று கொடுத்தால், எத்தனை பேர் கை பட்ட பாத்திரம் என்று ஒருவரும் கேட்பதில்லை. ஜாதிக்குப் பயந்து குளிப்பது ஆசாரம்; கிருமிக்குப் பயந்து கழுவுவது சுகாதாரம். முன்னதனால் மனிதனை மனிதன் வெறுத்தான்; பின்னதனால் மனிதனை மனிதன் காப்பாற்றுகிறான்.

டீக்கடைகளில் ஒரு ஜாதிக்கு ஒரு குவளை, இன்னொரு ஜாதிக்கு இன்னொரு குவளை என்று வைத்தார்களே, அந்த இரண்டு குவளைகளையும் எங்கே கழுவினார்கள்? அநேக இடங்களில் ஒரே அழுக்கு வாளித் தண்ணீரில் முக்கி எடுத்தார்கள்! குவளையைப் பிரித்து வைக்கவேண்டியது ஜாதிக்கல்ல, ஜுரத்துக்கு. வீட்டில் யாருக்கு ஜுரமோ அவர் மாமனாரானாலும் மருமகளானாலும், அவருக்கென்று ஒரு டம்ளர், ஒரு தட்டு, ஒரு துண்டு, ஜுரம் தீரும்வரை தனி. தீர்ந்தபின் சோப்பிட்டுக் கழுவி எல்லாவற்றோடும் சேர்த்துவிடுங்கள்.

ஜன்னலைத் திறந்து வையுங்கள். குளிருகிறதென்றால் போர்வையை இழுத்துக்கொள்ளுங்கள், காற்றை நிறுத்தாதீர்கள். அடுப்புப் புகையும் பீடிப் புகையும் நுரையீரலைப் புண்ணாக்கி ஜுரத்துக்கு வழிவிடும். நோயாளியைத் தனி அறையில், அறையில்லாவிட்டால் திண்ணை ஓரத்தில் மறைப்புக் கட்டியாவது, மற்றவர்களுக்குச் சற்று எட்டப் படுக்க வையுங்கள். பக்கத்தில் போகிறவரும் நோயாளியும் மூக்கும் வாயும் மூட முகமூடி போட்டுக்கொள்ளட்டும். 2020-ல் கற்றுக்கொண்ட பாடத்தை அதற்குள் மறந்துவிட வேண்டியதில்லை.

ஜுரமுள்ள பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாதீர்கள். ஜுரமுள்ள பெரியவர் கலியாணத்துக்கும் துக்கத்துக்கும் கோயிலுக்கும் போகவேண்டாம். நம்முடைய கூட்டத்துக்கும் வரவேண்டாம்! பகுத்தறிவுக் கூட்டத்தில் தும்மினால் மாத்திரம் கிருமி பரவாது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

கஷாயமும் ஊசியும்

மிளகு ரசம், சுக்குக் கஷாயம் இவையெல்லாம் கூடாதா என்று கேட்பீர்கள். தாராளமாய்க் குடியுங்கள். சூடாகக் குடித்தால் தொண்டைக்கு இதம். உடம்புக்கு நீர் சேருகிறது. ஆனால் அது கிருமியைக் கொல்லும் என்று நம்பிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய நாளைக் கடத்திவிடாதீர்கள். "லங்கணம் பரம ஔஷதம்" என்று சமஸ்கிருதத்தில் சொல்லிக் குழந்தையைப் பட்டினி போடாதீர்கள். கஞ்சி, இட்லி, இளநீர், மோர் எது இறங்குகிறதோ கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. தாய்க்கு ஜுரமானாலும் முகமூடி கட்டி, கை கழுவிப் பால் கொடுக்கலாம். கொதிக்கிற பானையின் மேல் குழந்தையைக் கவிழ்த்து ஆவி பிடிக்காதீர்கள். ஆவியும் வெந்நீரும் பட்டுக் குழந்தை வெந்துவிடும்.

இன்னொரு மூடநம்பிக்கை, படித்தவர்களிடமும் இருப்பது: ஊசி போடாத டாக்டர் டாக்டரே அல்ல என்பது. ஆண்டிபயாடிக் என்கிற மருந்து பாக்டீரியாவைத்தான் கொல்லும். வைரஸை அது தொடாது. தேவையில்லாமல் வாங்கிச் சாப்பிட்டால், நாளைக்குத் தேவையான நேரத்தில் அது வேலை செய்யாது. தாயத்தை நம்புகிறவனுக்கும், கேட்காமல் கொடுத்தாலும் ஊசியை நம்புகிறவனுக்கும் என்ன வித்தியாசம்? இருவரும் ஏன் என்று கேட்பதில்லை. ஜுரத்துக்கும் வலிக்கும் வயதுக்குத் தக்க அளவில் பாராசிட்டமால் போதும். ஆஸ்பிரின் குழந்தைகளுக்குக் கொடுக்கவே கூடாது. மேலும் இதே மழைமாதங்களில் டெங்கு ஜுரமும் வருகிறது. அதிலும் ஆஸ்பிரின் ஆபத்து. ஆகையால் இரண்டு மூன்று நாளில் ஜுரம் இறங்காவிட்டால் இன்ன ஜுரம் என்று இரத்தப் பரிசோதனை செய்து தெரிந்துகொள்ளுங்கள். இன்புளூயன்சாவுக்கென்றே ஓசல்டாமிவிர் என்ற மருந்து இருக்கிறது. அது இரண்டு நாளைக்குள் ஆரம்பித்தால்தான் நன்றாகப் பலன் தரும். யாருக்கு வேண்டும் என்பதை டாக்டர்தான் சொல்லவேண்டும். கர்ப்பிணியும், கிழவரும், நீரிழிவுக்காரரும், கைக்குழந்தையும் "நாளைக்குப் பார்க்கலாம்" என்று காத்திருக்கக் கூடாது என்பது இதனால்தான்.

மூச்சு வாங்குதல், நெஞ்சு வலி, உதடு நீலம் பூத்தல், மயக்கம், புத்தி தடுமாறல், விட்ட ஜுரம் மறுபடி ஏறுதல் — இவற்றில் ஒன்று கண்டாலும் அந்த நேரமே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். குழந்தைகளுக்கு ஒரு கணக்குச் சொல்லுகிறேன். தாய்மார்கள் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். குழந்தை அழாமல் இருக்கும்போது மூச்சை ஒரு நிமிஷம் எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 60, இரண்டு மாதம் முதல் ஒரு வயதுவரை 50, ஒன்று முதல் ஐந்து வயதுவரை 40. இந்த எண்ணிக்கையைத் தொட்டாலும் தாண்டினாலும் ஆபத்து. மூச்சை உள்ளே இழுக்கும்போது விலாவின் அடி உள்வாங்கினாலும், பால் குடிக்க மறுத்தாலும், வலிப்பு வந்தாலும் தாமதமே கூடாது. மந்திரிக்கிறவரைக் கூப்பிட ஆள் அனுப்பும் நேரத்தில் 108 வண்டி வந்துவிடும்.

தடுப்பூசி

இந்த வைரஸ் வருஷா வருஷம் சட்டை மாற்றிக்கொள்ளும். ஆதலால் அதன் தடுப்பூசியும் வருஷா வருஷம் மாற்றிச் செய்யப்படுகிறது, வருஷத்துக்கொருமுறை போட்டுக்கொள்ளவேண்டும். போட்டு இரண்டு வாரம் சென்றுதான் பலன் தரும். ஆகையால் நம்முடைய பக்கத்தில் மழை பிடிக்கும் முன்பே போட்டுக்கொள்வது புத்திசாலித்தனம். அது நூற்றுக்கு நூறு காக்கும் என்று நான் சொல்லமாட்டேன். வைரஸோடு ஊசி நன்றாய்ப் பொருந்துகிற வருஷங்களில் நூற்றுக்கு 40 முதல் 60 வரை நோயைக் குறைக்கிறது. வந்தாலும் உயிராபத்தைக் குறைக்கிறது. ஆறு மாதத்துக்குட்பட்ட சிசுவுக்கு இந்த ஊசி கிடையாது; ஆனால் கர்ப்பத்திலிருக்கும்போது தாய் போட்டுக்கொண்டால் அந்தப் பாதுகாப்பு சிசுவுக்கும் போய்ச் சேருகிறது. ஒரு ஊசியில் இரண்டு உயிர்.

ஆனால் தேசியத் தடுப்பூசி அட்டவணையில் இது சேர்க்கப்படவில்லை. தனியாரிடம் போட்டுக்கொண்டால் ஆயிரம் ரூபாய்க்கு மேலும் ஆகிறது. நாள் கூலிக்கு நெசவு நெய்கிறவன் என்ன செய்வான்? ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்கும் கிழவர்களுக்கும் இந்த ஊசி உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால் ஏன் இல்லை என்று கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் பதில் வரும். ஊரே கேட்டால் ஊசியே வரும். கோயில் திருவிழாவுக்கு வீட்டுக்கு வீடு வரி வசூலிக்கத் தெரிந்த நமக்கு, ஊரிலுள்ள கிழவர்களுக்கு ஊசி போடப் பணம் சேர்க்கத் தெரியாதா?

பெண்ணுக்கு ஓய்வு

கடைசியாக ஆண் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. குடும்பத்தைக் காப்பது பற்றிப் பேசுகிறோம். குடும்பத்தைக் காக்கிறவளை யார் காப்பது? ஆணுக்கு ஜுரம் வந்தால் வீடே நிசப்தமாகிறது. பெண்ணுக்கு வந்தால் அடுப்பு மாத்திரம் எப்போதும்போல் எரிகிறது. எல்லோரும் சாப்பிட்டபின் மிச்சத்தைச் சாப்பிடுகிறவள், எல்லோரும் பிழைத்தபின் தான் படுக்கிறாள். 1918-ல் நடந்தது அதுதான். இதைப் பதிவிரதா தர்மம் என்று புகழ்ந்து கதை எழுதுவார்கள். நான் கொலை என்று சொல்லுவேன்.

ஆகவே வீட்டில் பெண்ணுக்கு ஜுரமென்றால் ஆண் கஞ்சி காய்ச்சவேண்டும். பாத்திரம் கழுவவேண்டும். அவளுக்கு மருந்துக்குக் காசு, ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி, படுக்கையில் ஓய்வு இம்மூன்றும் கேட்காமலே கிடைக்க வேண்டும். கஞ்சி காய்ச்சுவதனால் மீசை உதிர்ந்துவிடாது. அதுபோலவே தறி வைத்திருக்கிறவர்களுக்கும், கடை வைத்திருக்கிறவர்களுக்கும் சொல்லுகிறேன்: ஜுரத்தோடு வருகிற ஆளை வேலை வாங்கினால், நான்கு நாளில் உங்கள் தறிகள் பூராவும் நிற்கும். அவனுக்கு நான்கு நாள் கூலியைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்புவது தர்மமல்ல; சரியான வியாபாரக் கணக்கு.

தோழர்களே! 1960-ம் வருஷம் ஏப்ரல் 1-ந் தேதி எல்லையைத் திருத்தித் திருத்தணியைச் சென்னை ராஜ்யத்தோடு சேர்த்தார்கள். மனிதன் போட்ட கோட்டை மனிதன் மாற்றினான். ஆனால் எந்தக் கோட்டையும் கிருமி மதிப்பதில்லை. ராஜ்யக் கோட்டையும் மதிப்பதில்லை, ஊருக்கும் சேரிக்கும் நடுவில் போட்ட கோட்டையும் மதிப்பதில்லை. சேரியில் ஜுரம் இருக்கிறவரையில் ஊரில் ஒருவனும் பத்திரமாயில்லை. ஆதலால் உன் வீட்டு ஜன்னலைத் திறக்கும்போதே, பக்கத்துத் தெருவில் காற்று வர வீடும், கழுவத் தண்ணீரும், போட ஊசியும் இருக்கின்றனவா என்று பார்ப்பது உன் சொந்த நன்மையே ஆகும். இந்த மழைக்காலம் தொடங்குமுன் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சோப்பும், ஒரு தனி டம்ளரும், ஆஸ்பத்திரிக்குப் போகச் சிறிது பணமும் தயாராய் எடுத்து வையுங்கள்.